பார்படாஸில் கோவை கிரைண்டரை ஓட வைத்த விதம்

வேலை நிமித்தம் பார்படாஸ் தீவில் குடியேறியபோது, கோயம்புத்தூரில் வாங்கிய 150 வாட் மேசைக் கிரைண்டரையும் உடன் எடுத்துச் சென்றேன். அங்குள்ள தட்டைமுள் பிளக்குக்கான அடாப்டரைப் பொருத்தி, ஊறிய உளுந்தைப் போட்டுச் சுவிட்சை அழுத்தியபோது, மோட்டார் உறுமியதே தவிர, கல் அசையவில்லை. உடனே நிறுத்தினேன், இன்னும் சிறிது நேரம் விட்டிருந்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகியிருக்கும்.

அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது, மின்னழுத்தத்தை மாற்றுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நம் கிரைண்டருக்கு 230 வோல்ட் வேண்டும். பார்படாஸில் கிடைப்பதோ 115 வோல்ட்.

முதலில் சிக்கனம் பார்த்து மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் 200 வாட் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கினேன். அது தவறு. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், அதன் ஃபியூஸ் முதல் நாளே போய்விட்டது. அடுத்து 1000 வாட் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி, கல்லைக் காலியாகச் சுழலவிட்ட பிறகே உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டேன். கல் தடையின்றிச் சுழன்றது.

ஒரு நல்வாய்ப்பு, பார்படாஸின் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் இந்தியாவைப் போல 50 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 50 சுழற்சிகள். அமெரிக்காவைப் போல 60 ஹெர்ட்ஸாக இருந்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. கல்லும் வேகம் கூடிச் சுழன்றிருக்கும். அந்தத் தீவின் வெப்பத்தில் மாவு விரைவில் பொங்கிவிடுவதால், இப்போது இரவில் படுக்கப்போகும் முன்புதான் அரைக்கிறேன்.