தண்ணீர் புகுந்த படகு என்ஜின்: துரு இறுகுமுன் செய்ய வேண்டியவை

சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது அது வெளியேற இடமில்லாவிட்டால் பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். "ஒரே ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்ப்போம்" என்ற ஆசையால்தான் காப்பாற்றக்கூடிய என்ஜின்கள் பல பழைய இரும்புக்குப் போகின்றன.

துரு பிடிக்கத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். உப்பு அதை விரட்டி வேகப்படுத்தும். அதனால் மூழ்கிய அவுட்போர்டை (படகின் பின்னால் வெளிப்புறம் மாட்டும் என்ஜினை) வெளியே எடுத்து, நாளை பார்க்கலாம் என்று கரையில் வைக்காதீர்கள். உடனே வேலை பார்க்க முடியாதென்றால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுதாக அமிழ்த்தி வைப்பதே மேல். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் தண்ணீருக்குள் காற்று அவ்வளவாகப் படாது என்பதே காரணம்.

இன்போர்டு (படகுக்குள்ளேயே பொருத்திய என்ஜின்) என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடுங்கள். பெட்ரோல் என்ஜினில் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும், டீசலில் எல்லா இன்ஜெக்டர்களையும் கழற்றுங்கள். கடல்நீர் பம்பின் இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) உருவிவிடுங்கள். பின்பக்கம் சுற்ற நேர்ந்தால் அதன் இறக்கைகள் மடங்கிக் கிழியும். கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டி, வழக்கமான திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். துளைகளில் தண்ணீர் பீய்ச்சும், முகத்தைத் தள்ளி வையுங்கள். புகுந்தது கடல்நீர் என்றால் சிலிண்டரை நல்ல தண்ணீரால் அலசி, மறுபடி சுற்றி வெளியேற்றி, ஈரம் காயுமுன் டபிள்யூடி-40 அல்லது டீசல் அடியுங்கள்.

சுற்றவே மாட்டேன் என்கிறதா? பலத்தைக் காட்டாதீர்கள். ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அசிட்டோனும் சம அளவு கலந்து, பிஸ்டன் தலை மூழ்கும் அளவு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றுங்கள். இரண்டும் நிற்க நிற்கப் பிரிந்துவிடும், ஊற்றுமுன் குலுக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். காற்றோட்டம் இல்லாத என்ஜின் அறையில் ஏடிஎஃப் மட்டும் போதும், நாள்தான் கூடும். இரண்டு மூன்று நாள் ஊறியபின் முன்னும் பின்னும் ஒரு மயிரிழை அசைத்துப் பாருங்கள். அசைவு கிடைத்ததும் முழுச் சுற்றுக்குப் பாயாமல், அசைத்து, ஊற்றி, மறுபடி அசையுங்கள். வால்வுகளுக்கு மேலுள்ள ராக்கர் மூடியைத் திறந்து வைத்துச் சுற்றுவது நல்லது: துருவால் திறந்தபடி சிக்கிய வால்வு எழாமல் நிற்கும். அதைக் கவனிக்காமல் சுற்றினால் பிஸ்டன் போய் அதில் இடிக்கும்.

பிளக் துளை வழியே சிறு கேமரா விட்டால் நிலைமை தெரியும். மேலோட்டமான செந்நிறப் பூச்சு என்றால் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றாமலே தப்பலாம். ரிங் நின்ற இடத்தில் கறுத்த வளையமாக அரித்த குழிகள் தெரிந்தால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பிஸ்டனை வெளியே எடுக்காமல் சுவரைத் துடைப்பதென்றால், அதைக் கீழே இறக்கி, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கிரீஸை வளையமாகத் தடவுங்கள். டீசல் தொட்ட மெல்லிய தேய்ப்பு நாரால் தேய்த்தால் உதிரும் துகள் கிரீஸில் ஒட்டும். அதைச் சுத்தமாக வழித்தெடுத்த பிறகே பிஸ்டனை ஏற்றுங்கள். நகம் தட்டுப்படும் குழி இருந்தால் தேய்த்துப் பயனில்லை. போரிங் (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது) அல்லது புது லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) தான்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறமாக இருந்தால் தண்ணீர் கீழேயும் இறங்கிவிட்டது. ஆயில் மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். எனவே உறிஞ்சும் குழாய் சம்ப்பின் (என்ஜினுக்குக் கீழுள்ள ஆயில் தொட்டியின்) அடியைத் தொட வேண்டும். புது ஃபில்டரும் விலை குறைந்த ஆயிலும் போட்டு, லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். ஆயில் தெளிவாகும்வரை ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். மூன்று தடவை சாதாரணம்.

ஓட்டுவதற்கு முன் சிலிண்டரில் ஊற்றியதையெல்லாம் வெளியேற்றுங்கள். துளைகளைத் துணியால் மூடி, பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி இணைப்பைத் துண்டித்து, செல்ஃபால் சுற்றலாம். இன்ஜெக்டரைத் திருப்பி மாட்டும்போது செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். டீசல் என்ஜின் மிச்ச ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கக்கூடும். காற்று உள்ளிழுக்கும் வாயை அடைக்க ஒரு பலகைத் துண்டு கையில் வேண்டும்.

பிறகு கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பாருங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ.

தண்ணீர் வந்த வழியை அடைக்காவிட்டால் இத்தனையும் திரும்ப வரும். எக்ஸாஸ்ட் எல்போ (புகையோடு கடல்நீர் கலக்கும் வளைகுழாய்) உள்ளே அரித்துப் போனதா, மேனிஃபோல்டு கேஸ்கட் கசிகிறதா, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள என்ஜினில் கடல்நீர் தானாக உள்ளே இழுபடாமல் காக்கும் சைஃபன் தடுப்பு வால்வு உப்பால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் கவனிக்காத வழி ஒன்றுண்டு: ஸ்டார்ட் ஆகாத என்ஜினை விடாமல் சுற்றும்போது பம்ப் கடல்நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே ஊதப் புகை இல்லாததால் மஃப்ளர் நிறைந்து சிலிண்டருக்கே திரும்பும். நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றி, என்ஜின் பிடித்த கணமே திறந்துவிடுங்கள்.