டயர் வாங்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்

தினசரி ஓட்டும் காருக்கு சம்மர் பெர்ஃபாமன்ஸ் டயர் (வெப்பமான சாலையில் நல்ல பிடிப்புக்கென்றே செய்த டயர்) வாங்கினால், விலை கேட்கும் முன் டயரின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ (TREADWEAR, அதாவது டயர் தேய்மானம்) என்ற சொல்லருகே உள்ள எண்ணைப் பாருங்கள். 300க்குக் குறையாமல் இருக்கட்டும்.

இது அமெரிக்கத் தர அளவு. 100 என்பது சோதனைக்கான அடிப்படை டயர். 300 என்றால் அந்தச் சோதனையில் அதைப்போல் மூன்று மடங்கு உழைத்தது என்று பொருள். 200 போட்ட டயரில் ரப்பர் பொதுவாக மென்மையாக இருக்கும். வளைவில் பிடிப்பு அருமைதான், ஆனால் ஆபீஸ் போய்வருவதிலேயே சீக்கிரம் தேய்ந்துவிடும், காசு வீண்.

எண்ணைத் தருவது டயர் கம்பெனியேதான். அதனால் ஒரே கம்பெனியின் டயர்களுக்குள் ஒப்பிடுங்கள். அப்புறம், குளிர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் ஊர் என்றால் எந்த எண்ணும் உதவாது. சம்மர் டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறைந்துவிடும்.