மலைச் சீஸை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

ஆல்ப்ஸ் மலைச் சீஸ் விற்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயங்கள் நாலு: காய்ச்சாத பால், பாலைத் திரையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட், மரப்பலகையில் வைத்துப் பழுக்க விடுவது, கோடையில் மட்டும் செய்வது. வாங்குபவரின் நாட்டு அதிகாரி கேள்வி கேட்பதும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான். விளம்பரத்தில் எழுதியதைச் சட்டத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலே பாதிச் சரக்கு திரும்பி வந்திருக்காது.

முதலில் பால். அமெரிக்காவுக்குப் போகும் காய்ச்சாத பால் சீஸ், 1.7 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத குளிரில் குறைந்தது 60 நாள் பழுத்திருக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் க்ரூயேர் குறைந்தது 5 மாதமும் பிரான்ஸின் கோன்தே 120 நாளும் பழுப்பவை; இரண்டுக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சவுவா மலைப்பகுதியின் ரெப்ளோஷோன் சில வாரங்களிலேயே சாப்பிட வேண்டிய மென்மையான சீஸ். அதன் பாரம்பரிய வடிவம் அமெரிக்கக் கடைக்கு வர வழியே இல்லை. இது தெரியாமல் எல்லா வகையையும் ஒரே விலைப்பட்டியலில் போட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

60 நாள் தாண்டிவிட்டால் போதும் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. 2010இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஈ-கோலி பாக்டீரியாவுக்கான வரம்பைக் கடுமையாக இறுக்கியது. தொம் த சவுவா, மோர்பியே போன்ற நன்றாகப் பழுத்த மலைச் சீஸ்களும் 2014 வாக்கில் அதில் மாட்டின. பல நூறு வருடமாக மனிதர்கள் சாப்பிட்டு வரும் பண்டம் துறைமுகத்தில் முடங்கியது. எதிர்ப்பு வலுத்தபின் 2016இல் அந்தச் சோதனையை நிறுத்தி வைத்தார்கள். லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி விஷயத்தில் மட்டும் அன்றும் இன்றும் தயவு கிடையாது. ஆகவே சொந்த நாட்டு வரம்பில் தேறிய ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஒவ்வொரு தொகுதியையும் போய்ச் சேரும் நாட்டின் வரம்புக்கே சோதித்துவிட்டு ஏற்றுங்கள்.

ரென்னெட்டைப் பலரும் கேட்பதே இல்லை. இந்தியா இறக்குமதி செய்யும் சீஸில் விலங்கு ரென்னெட் இருக்கக் கூடாது என்று சுகாதாரச் சான்றிதழே கேட்கிறது. க்ரூயேரின் விதிமுறையோ கன்று ரென்னெட்டைத்தான் போடச் சொல்கிறது. தாவர ரென்னெட்டுக்கு மாற்றினால் அந்தப் பெயரைப் போட முடியாது. மாற்றாவிட்டால் இங்கே வர முடியாது. மும்பை ஹோட்டல்காரர் எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டாலும் மாதிரி அனுப்புவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. வளைகுடா நாடுகளில் கேள்வி ஹலால் பக்கமாக வரும்.

மரப்பலகை பற்றி 2014இல் அமெரிக்காவில் ஒரு பெரிய சர்ச்சையே நடந்தது. பலகையில் பழுக்க வைப்பதை அனுமதிக்கவே முடியாது என்பதுபோல் உணவு மருந்து நிர்வாக அதிகாரி ஒருவரின் கடிதம் வெளியாகி, சில நாளில் அந்த நிர்வாகமே பின்வாங்கியது. இன்று பலகையால் சரக்கு நிற்பதைவிட, சரக்கை அடுக்க அடியில் வைக்கும் பேலட் என்ற தட்டால் நிற்க வாய்ப்பு அதிகம். மரப் பேலட்டும் மரப்பெட்டியும் பூச்சி போகச் சூடுகாட்டி, மரப் பொதிகளுக்கான சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை குத்தியவையாக இருக்க வேண்டும். இது சீஸ்காரர் வேலை இல்லை, சரக்கு அனுப்புபவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அவரோ நீங்கள் கொடுத்த பேலட்டை அப்படியே ஏற்றிவிடுகிறார்.

அமெரிக்கப் பதிவும் இதே கதைதான். உணவு மருந்து நிர்வாகத்திடம் செய்யும் தொழிற்கூடப் பதிவை இரட்டைப்படை வருடங்களில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை செய்துவிட்டோமே என்று மறந்தால் பதிவு காலாவதி.

கோடைச் சீஸின் கணக்கே வேறு. லெத்திவா என்ற ஸ்விஸ் சீஸை மே 10 முதல் அக்டோபர் 10 வரை மட்டும், மலைக் குடில்களில், விறகடுப்பின் மேல் செம்புக் கொப்பரையில் பால் சூடாக்கிச் செய்கிறார்கள். ஜனவரியில் ஒருவர் கூடுதலாகக் கேட்டால், அடுத்த கோடை வந்து, அதன்பின் 135 நாளாவது பழுத்தால்தான் புதுச் சீஸ் கிடைக்கும். மாதாமாதம் ஒரே அளவு தருகிறேன் என்று சூப்பர் மார்க்கெட்டுக்கு ஒப்புக்கொண்டால், டிசம்பரிலேயே கையைப் பிசைய வேண்டிவரும்.

பொதியில் ஒன்று. முழுச் சக்கரத்தைக் காற்று போகாத பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றினால் மேல்தோல் வியர்த்து, பிசுபிசுத்து, திறக்கும்போது அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். பொதிக்குள் ஈரம் வெளியேற இடம் வேண்டும். ஈரம் வெளியேறினால் எடையும் குறையும். 35 கிலோவுக்கு இன்வாய்ஸ் போட்டது போய்ச் சேரும்போது அதே 35 இருக்காது. எந்த எடைக்குப் பணம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரைச் சட்டம் காப்பாற்றும் என்று நம்பி விலை வைக்கவும் கூடாது. க்ரூயேர் என்பது பொதுப்பெயர், யாரும் போட்டுக்கொள்ளலாம் என்று 2023இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. விஸ்கான்சினில் செய்த சீஸும் அதே பெயரில் பக்கத்துத் தட்டில் இருக்கும். அங்கே உங்கள் விலைக்குக் காரணம் சொல்ல வேண்டியது ஊர்ப்பெயரும் பழுத்த மாதக் கணக்கும்தான்.

கடைசியாக வரி. 2025 ஆகஸ்ட்டில் ஸ்விஸ் பொருள்களுக்கு அமெரிக்கா 39 சதவீத வரி போட்டது. நவம்பரில்தான் 15ஆகக் குறைக்கச் சம்மதித்தது. வரியையும் நானே கட்டுகிறேன் என்று வாங்குபவர் வாசல்வரை விலை பேசியவர்களின் லாபம் அந்த மூன்று மாதத்தில் போயிருக்கும். ஆறு மாதம் பழுக்கிற பொருளுக்கு ஆறு மாதம் முன்பே விலை சொல்கிறோம் என்றால், வரி மாறினால் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்க வேண்டும்.