வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய விரும்பும் மாணவர்களுக்கு

முதல் முறை ஒரு பள்ளியில் அறிவியல் முகாம் நடத்தப் போனபோது எங்களிடம் பேனர் இருந்தது, மைக் இருந்தது, ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கிய நுண்ணோக்கி ஒன்றும் இருந்தது. எல்லாம் நன்றாகவே நடந்தது. குழுப் புகைப்படம் எடுத்து, நுண்ணோக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகு ஒரு சிறுமி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். "இது எங்க வீட்டுத் தண்ணி, இதுல என்ன இருக்குன்னு பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். வண்டி காத்திருந்தது. அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அந்த அடுத்த முறை வரவே இல்லை.

அன்றைக்கு நடந்தவற்றில் உருப்படியானது அந்தப் பாட்டில் ஒன்றுதான் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. பேச்சு, படங்கள், செய்முறை எல்லாம் நாங்கள் கொண்டுபோனவை. அவள் கேள்வி மட்டும்தான் அங்கிருந்து வந்தது. அதனால் பல்கலைக்கழகத்திலிருந்து சமூகப் பணிக்குப் போக நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கேள்வி அங்கிருந்து வரட்டும், அப்புறம், திரும்பத் திரும்பப் போக முடிகிற அளவுக்கு வேலையைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எங்கே தேடுவது

பல பல்கலைக்கழகங்களில் விரிவாக்கப் பணிக்கென்று ஓர் அலுவலகமோ மாணவர் தன்னார்வப் பிரிவோ இருக்கும். அங்கே போய்ப் பெயரைக் கொடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் நிறைய வாய்ப்புகள் அறிவிப்புப் பலகைக்கே வருவதில்லை. சட்டத் துறையில் இலவச ஆலோசனை மையம் நடக்கும், பல் மருத்துவத்திலும் கால்நடை மருத்துவத்திலும் வெளி முகாம்கள் இருக்கும், வானியல் மாணவர்கள் இரவில் தொலைநோக்கியை மைதானத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டுவார்கள், மொழித் துறையில் யாரோ ஒருவர் பல வருடங்களாகச் சத்தமில்லாமல் முதியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். இதெல்லாம் பேராசிரியர்களைவிட ஆய்வக உதவியாளர்களுக்கும் நூலகருக்கும் துறை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும்தான் நன்றாகத் தெரியும். சாமான்களை எடுத்துக் கொடுப்பதும் வண்டிக்குக் கையெழுத்து வாங்குவதும் அவர்கள்தானே. அவர்களிடம் பத்து நிமிடம் பேசினால் போதும்.

பாடத்திட்டத்தையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். களப்பணிக்கு மதிப்பெண் தரும் பாடம் இருந்தால், அல்லது இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால், அதையே சமூகப் பணியாக மாற்றிக்கொள்ளலாம். எப்படியும் செய்ய வேண்டிய வேலை, நேரமும் வழிகாட்டியும் ஏற்கெனவே இருக்கின்றன. நெதர்லாந்தில் 1970களில் 'அறிவியல் கடை' என்ற ஏற்பாட்டைப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது இதே எண்ணத்தில்தான். கடை என்று பெயர் இருந்தாலும் அங்கே விற்பனை இல்லை. குடியிருப்போர் சங்கமோ தொழிலாளர் அமைப்போ ஒரு கேள்வியோடு வருவார்கள்: இந்த ஆலைப் புகையால் எங்களுக்கு என்ன ஆகும், இந்தச் சத்தம் விதிக்கு உட்பட்டதா என்பது போல. அதை ஒரு மாணவர் தன் ஆய்வாக எடுத்துக்கொள்வார், ஓர் ஆசிரியர் மேற்பார்வை பார்ப்பார், பதில் கேட்டவர்களிடமே திரும்பிப் போகும். உங்கள் துறையில் இப்படி எதுவும் இல்லையென்றால், வழிகாட்டியிடம் "இந்த வருடம் ஒரே ஒரு தலைப்பு வெளியிலிருந்து வரட்டுமே" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தலைப்பு கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

யாருக்காவது மின்னஞ்சல் எழுதுவதாக இருந்தால் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், மாதத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும், எத்தனை மாதம் நிச்சயமாக இருப்பீர்கள், என்ன வேலை செய்யத் தெரியும். "எதற்கும் தயார்" என்று எழுதினால் படிப்பவருக்கு உங்களை எங்கே பொருத்துவது என்று தெரியாது. "சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம், ஆறு மாதம், கணக்குச் சொல்லிக்கொடுப்பேன்" என்றால் அன்றே பதில் வர வாய்ப்பு அதிகம்.

முதலில் வெறுங்கையோடு போங்கள்

இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். முதல் சந்திப்புக்குத் திட்டமும் வேண்டாம், துண்டுப் பிரசுரமும் வேண்டாம். அந்த இடத்தில் ஏற்கெனவே வேலை செய்பவர் ஒருவரை, ஓர் ஆசிரியரையோ செவிலியரையோ சங்கச் செயலாளரையோ பிடித்து, அவரோடு போய் உட்காருங்கள். என்ன செய்ய வந்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். "இன்னும் முடிவு பண்ணவில்லை, உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு பண்ண வேண்டும்" என்று சொல்லுங்கள், அதுதானே உண்மை. இதற்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது வந்தார்களா, வந்து என்ன செய்தார்கள், அதன் பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள். பல இடங்களில் கணக்கெடுப்புப் படிவங்களோடு வந்து, இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டு, அப்புறம் தலைகாட்டாமல் போனவர்களைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கோபத்தைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு வந்தவர்களோடு நிறுத்திவிடாமல் வராதவர்கள் யார் என்றும் பாருங்கள். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலையிலிருந்து திரும்பாதவர்கள் வர மாட்டார்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களும் வர மாட்டார்கள், மாடியில் வைத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவரால் வரவே முடியாது. நேரத்தையும் இடத்தையும் மாற்றினாலே கேட்கும் குரல்கள் மாறும்.

கேள்வி உள்ளிருந்து வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பிளின்ட் நகரம் நல்ல எடுத்துக்காட்டு. 2014இல் அங்கே குடிநீர் எடுக்கும் இடத்தை மாற்றி ஆற்று நீரைக் கொடுத்தார்கள், ஆனால் குழாய்கள் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டியதைச் சேர்க்கவில்லை, ஈயம் தண்ணீரில் கலந்தது. தண்ணீர் சரியில்லை என்று மக்கள் சொன்னதை அதிகாரிகள் ஏற்கவில்லை. லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் தன் வீட்டுத் தண்ணீரைப் பற்றி விடாமல் கேள்வி கேட்டு, வேறொரு மாநிலத்தில் இருக்கும் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸை அணுகினார். 2015இல் எட்வர்ட்ஸின் குழு தண்ணீர் மாதிரி எடுப்பதற்கான 300 பெட்டிகளை அனுப்பியது. பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்த்ததிலும் மாதிரி எடுத்ததிலும் அந்த ஊர் மக்கள்தான் முன்நின்றார்கள். அதே வருடம் அக்டோபரில் நகரம் பழைய குடிநீருக்குத் திரும்பியது. ஆய்வகமும் கருவியும் பல்கலைக்கழகத்துடையவை. எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அறிவு அந்த மக்களுடையது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வேலை நடந்திருக்காது.

மக்கள் பங்கேற்பைப் பற்றி ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்தார். கீழே மக்களை வெறுமனே ஆட்டி வைப்பது, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், அதற்கு மேலே கூட்டாளியாக இருப்பது, உச்சியில் முடிவு அவர்கள் கையிலேயே இருப்பது. உங்கள் திட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாமே உச்சிப் படியில் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், நிலாவைக் காட்டும் இரவுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஆனால் தகவல் மட்டும் சொல்லிவிட்டு அதைக் 'கூட்டு முயற்சி' என்று அறிக்கையில் எழுதுவது தவறு.

நிகழ்ச்சியைத் தயார் செய்வது

சரி, கேள்வி கிடைத்துவிட்டது, இப்போது ஏதோ ஒன்றைச் செய்யப் போகிறீர்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு கருத்து போதும். நாற்பது குழந்தைகள் இருந்தால் எட்டு பேராக ஐந்து மேசைகளில் பிரித்து, ஒவ்வொரு மேசையிலும் கையால் தொட்டுச் செய்யும் ஒரு வேலையை வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மேடைப் பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். போவதற்கு முன் உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எந்த இடத்தில் மாறுகிறதோ அந்த வார்த்தையைத் தூக்கிவிடுங்கள். மிக முக்கியமாக, மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். தண்ணீர் பாட்டிலோடு ஓடி வருபவர்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள்.

அவர்கள் கேட்பது உங்கள் ஆராய்ச்சிக்கும் உதவலாம். 2007இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து வகைப்படுத்தும் வேலையைப் பொதுமக்களிடம் கொடுத்தார்கள். ஹானி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் இருந்த விசித்திரமான கறையைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் அப்போது பதில் தெரியவில்லை. அது பிரம்மாண்டமான வாயு மேகம், பக்கத்து மண்டலத்தின் மையத்திலிருந்து ஒரு காலத்தில் வந்த கடும் ஒளியால் இன்னும் ஒளிர்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. இன்று அதற்கு அவர் பெயர்தான். வெளியே போக நேரமோ வசதியோ இல்லாதவர்கள் இதுபோன்ற இணையத் திட்டங்களில் உதவியாளராகச் சேரலாம், வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆட்கள் எப்போதும் தேவை.

சில விதிகளில் சமரசம் வேண்டாம்

குழந்தைகளோடு தனியாக எந்த நேரத்திலும் இருக்காதீர்கள், பள்ளி ஆசிரியர் ஒருவராவது கூடவே இருக்க வேண்டும். புகைப்படம் எடுப்பதற்கு முன் அனுமதி. குழந்தைகள் என்றால் பெற்றோரின் அனுமதி. தகவல் திரட்டப் போகிறீர்கள் என்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்பே ஒப்புதல் வாங்குங்கள், திரட்டிய பிறகு கேட்க முடியாது. சம்மதம் கேட்கும்போது "வேண்டாம் என்று சொன்னாலும் உங்களுக்குக் கிடைக்கும் உதவி எதுவும் நிற்காது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், படிவத்தில் எழுதியிருப்பது போதாது. சட்டம், மருத்துவம் படிப்பவர்கள் மேற்பார்வையாளர் இல்லாமல் ஆலோசனை சொல்லவே கூடாது. உங்கள் அரைகுறைப் பதிலை நம்பி ஒருவர் கெடு தேதியைத் தவறவிடலாம், மாத்திரையை நிறுத்திவிடலாம். "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே கேட்டுச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். வழி காட்ட, மொழிபெயர்க்க, ஆட்களைக் கூட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் நேரம் செலவழிக்கிறார் என்றால் அதுவும் வேலைதான். நிதி கேட்டு எழுதும்போதே அவருக்கான தொகையைத் தனி வரியாகப் போடுங்கள். ஆராய்ச்சியாளருக்குச் சம்பளம், அவருக்கு மட்டும் நன்றிக் கடிதம் என்பது எனக்கு ஏற்க முடியாத ஏற்பாடு.

திரும்பிப் போவது

மாதிரி எடுத்தீர்கள், கணக்கெடுத்தீர்கள் என்றால் முடிவை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அதைக் கொடுத்தவர்கள். கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்காமல் ஒரே பக்கத்தில், அவர்கள் மொழியில், எண்களுக்குப் பக்கத்தில் "இதனால் நீங்கள் என்ன செய்யலாம்" என்ற பகுதியோடு எழுதிக்கொண்டு நேரில் போங்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றாலும் போங்கள். முடிவு தனிநபருக்குச் சங்கடம் தருவதாக இருந்தால் அதைப் பொதுக்கூட்டத்தில் படிக்காமல் அந்தந்த வீட்டில் தனியாகச் சொல்லுங்கள்.

1884இல் லண்டனின் கிழக்குப் பகுதியில், வறுமை மிகுந்த இடத்தில், சாமுவேல் பார்னெட்டும் ஹென்ரியட்டா பார்னெட்டும் டாயின்பி ஹால் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் வந்துபோகாமல் அங்கேயே தங்கி வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே வேலை செய்தவர்களில் இருவர் வில்லியம் பெவரிட்ஜும் கிளெமென்ட் அட்லியும். பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புக்கு அடித்தளமான அறிக்கையை 1942இல் எழுதியவர் முதலாமவர், 1945இல் பிரதமராகி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இரண்டாமவர். எல்லோராலும் போய்த் தங்க முடியாதுதான், ஆனால் மாதம் ஒரு முறை, அதே இடம், அதே கிழமை என்று ஒரு வருடம் போக முடியும். பத்து ஊர்களுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஓர் ஊருக்குப் பத்து முறை போவதையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். அலுவலகம் அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கும், அதையும் எழுதிக் கொடுங்கள், கூடவே உங்களுக்காக ஒரு நோட்டில் எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்து நீங்கள் போய்விடுவீர்கள், அது முதல் நாளே தெரிந்த விஷயம். ஆகவே கடைசி ஆறு மாதத்தில் ஓர் இளைய மாணவரைக் கூடவே அழைத்துப் போங்கள், பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள், இரண்டாவது மாதத்திலிருந்து அவர் பேசட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். யாரிடம் சாவி இருக்கும், எந்த வாரம் தேர்வு, யாருக்கு என்ன சொல்வதாக ஒப்புக்கொண்டோம், எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தரவில்லை என்பதையெல்லாம் அந்த நோட்டிலேயே எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கிருப்பவர்களிடமும் நீங்கள் கிளம்புகிற தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். தொடர ஆள் கிடைக்கவில்லை என்றால் அதையும் நேரில் போய்ச் சொல்லி, பாக்கி இருக்கும் பதில்களைக் கொடுத்துவிட்டு விடைபெறுங்கள்.