நனைந்து ஊறிய மழைக்கோட்டை மீட்ட கதை

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும்போது பிடித்த மழையில் என் மலையேற்றக் கோட்டு ஊறிப்போனது. தோள்பட்டையில், பை வார் அழுத்தும் இடத்தில், துணி கறுத்து உடம்போடு ஒட்டியது. உள்ளே ஒரே ஈரம். கிழிசல் இல்லை, தையல் மேல் ஒட்டிய டேப்பும் உரியவில்லை. புதுசு வாங்கச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை.

இந்தக் கோட்டுகளில் தண்ணீரைத் தடுப்பது உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு. வெளித்துணியில் நீரை உருட்டிவிடும் பூச்சு ஒன்று தனியாக உண்டு. வியர்வை உப்பு, எண்ணெய், சோப்பு மிச்சம் எல்லாம் படிந்தால் அது வேலை செய்யாது. வெளித்துணி நீரைக் குடித்துவிட்டால் வியர்வை ஆவி வெளியேற வழியில்லை. உள்ளே இருந்த ஈரத்தில் பெரும்பங்கு என் வியர்வைதான்.

ஜிப்பை மூடி, வெதுவெதுப்பான நீரில், வாசனையில்லாத மென்சோப்புத் திரவத்தில் கையால் அலசினேன். காலரும் கைமுனையும்தான் அதிக அழுக்கு. நுரை அடியோடு போகும்வரை திரும்பத் திரும்ப அலசுவது முக்கியம். பிழியாமல் நிழலில் காயவைத்தேன். பிறகு மேலே பருத்தித் துண்டு விரித்து, ஆவி இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி. சூடு பட்டால்தான் பூச்சு உயிர்பெறும். உங்கள் கோட்டில் இஸ்திரிக் குறியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

குழாயடியில் பிடித்துப் பார்த்தேன்: சேம்பிலையில் போல முத்துமுத்தாக உருண்டது. தோளில் மட்டும் பூச்சு தேய்ந்தே போயிருந்தது. அங்கே நீர்விலக்கி ஸ்ப்ரே அடித்தேன்.