ஷெட்யூல் ஃபைலை ஏபிஐ வழியாக ஏற்றுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

வாராவாரம் பிளானர் ஒரு ஷெட்யூல் ஃபைலை, அதாவது எந்த வேலை எப்போது என்ற கால அட்டவணையை, மெயிலில் அனுப்புவார். யாராவது ஒருவர் அதை இறக்கி, கட்டுமான மேலாண்மை மென்பொருளில் லாகின் செய்து, ப்ராஜெக்டைத் தேடிப்பிடித்து ஏற்ற வேண்டும். ஒரு ப்ராஜெக்ட் என்றால் பரவாயில்லை. பத்துப் பன்னிரண்டு என்றால் பாதி நாள் இதிலேயே போய்விடும். இதை ஏபிஐயிடம், அதாவது ஒரு மென்பொருளோடு வேறொரு நிரல் நேரடியாகப் பேசும் வழியிடம், தள்ளிவிடலாம். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் போஸ்ட்மேன் என்ற மென்பொருளை வைத்தே செய்துபார்க்கலாம்.

படி 1: ஃபைலைத் திறந்து பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். பிளானர்கள் ஷெட்யூல் போடும் மென்பொருள்களில் எம்எஸ் ப்ராஜெக்டிலிருந்து வருவது எம்பிபி (.mpp) வகை ஃபைல், ப்ரைமவேரா பி6-இலிருந்து வருவது எக்ஸ்இஆர் (.xer). இரண்டு மென்பொருள்களும் எக்ஸ்எம்எல் ஆகவும் சேமித்துத் தரும். உங்கள் ஏபிஐ எதை வாங்கிக்கொள்ளும் என்பதை அதன் ஆவணத்தில் பார்த்துவிடுங்கள்.

எம்பிபி பைனரி ஃபைல், நோட்பேடில் திறந்தால் ஒன்றும் புரியாது. எக்ஸ்இஆர் அப்படியில்லை. டேப் வைத்துப் பிரித்த வெறும் டெக்ஸ்ட். முதல் வரி ‘இஆர்எம்ஹெச்டிஆர்’ (ERMHDR) என்று தொடங்கும். கீழே வரும் ஒவ்வொரு வரியும் சதவீதக் குறியில் ஆரம்பிக்கும்: அடுத்த எழுத்து டி (T) என்றால் டேபிளின் பெயர், எஃப் (F) என்றால் பத்திகளின் பெயர்கள், ஆர் (R) என்றால் ஒரு வரித் தரவு. கடைசி வரியில் அந்தக் குறியோடு இ (E) இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஃபைல் பாதியில் அறுந்துபோயிருக்கிறது, ஏற்றிப் பயனில்லை.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ப்ராஜெக்ட் டேபிளில் ‘லாஸ்ட் ரீகால்க் டேட்’ (last_recalc_date) என்ற பத்தியில் உள்ள தேதி. டேட்டா டேட், அதாவது எந்தத் தேதி வரையிலான முன்னேற்றம் ஷெட்யூலில் இருக்கிறது என்று பிளானர்கள் சொல்வது அதைத்தான். இரண்டு, டாஸ்க் டேபிளில் எத்தனை ஆர் வரிகள் இருக்கின்றன என்பது. கடைசிப் படியில் இரண்டும் தேவைப்படும். பார்த்ததும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். எக்ஸெலில் திறந்து சேமிக்கவே வேண்டாம், தேதிகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

படி 2: டோக்கன் வாங்குங்கள்

டோக்கன் என்பது நீங்கள் யார் என்று ஏபிஐக்குக் காட்டும் தற்காலிகச் சாவி. புரோகோர், ஆட்டோடெஸ்க் போன்ற கட்டுமான மென்பொருள்கள் அதைத் தருவது ஓஆத் 2.0 (OAuth 2.0) என்ற பொது முறையில். டெவலப்பர் தளத்தில் ஒரு ஆப் பதிவு செய்தால் கிளையன்ட் ஐடியும் (ஆப்பின் அடையாள எண்) கிளையன்ட் சீக்ரெட்டும் (அதன் கடவுச்சொல்) கிடைக்கும். அவற்றைக் கொடுத்து டோக்கன் வாங்கி, போஸ்ட்மேனின் ஆதரைசேஷன் பகுதியில் ‘பேரர் டோக்கன்’ தேர்ந்து ஒட்டுங்கள். டோக்கனுக்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் ஒரு பதில் எண்ணைத் தரும். அது 401 என்றால் டோக்கனைப் புதிதாக வாங்குங்கள். 403 வந்தால் பெரும்பாலும் டோக்கன் காலாவதியாகவில்லை, அந்த ப்ராஜெக்டில் உங்களுக்கு அனுமதி இல்லை. அட்மினிடம்தான் போக வேண்டும்.

படி 3: ப்ராஜெக்ட் எண்

எந்த ப்ராஜெக்டில் ஏற்றுவது என்று ஏபிஐக்குச் சொல்ல அதன் எண் வேண்டும். ப்ராஜெக்டை உலாவியில் திறந்தால் பெரும்பாலும் இணைய முகவரியிலேயே இருக்கும். முதலில் சோதனைச் சூழலில், அதாவது உண்மையான ப்ராஜெக்டுகளைத் தொடாத இடத்தில், செய்யுங்கள். சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருமுறை அவசரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் எண்ணைப் போட்டு ஏற்றிவிட்டேன். ‘சரி’ என்று பொருள்படும் 200 வந்தது, நிம்மதியாக இருந்தேன். மறுநாள் காலை அங்கிருந்து போன்: “அஸ்திவாரமே முடியல, இந்த வாரம் லிஃப்ட் மாட்டணும்னு காட்டுதே?”

படி 4: அனுப்புங்கள்

போஸ்ட்மேனில் கோரிக்கையின் முறை போஸ்ட் (POST). பாடி பகுதியில் ‘ஃபார்ம் டேட்டா’ தேர்ந்து, கீயின் வகையை டெக்ஸ்டிலிருந்து ஃபைலுக்கு மாற்றி, ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். கீயின் பெயர் ஆவணத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

புதியவர்கள் அதிகம் மாட்டுவது ஹெடரில், அதாவது கோரிக்கையோடு போகும் குறிப்பு வரிகளில்தான். ‘கன்டென்ட் டைப்’ ஹெடரை ‘மல்ட்டிபார்ட்’ என்று கையால் எழுதிச் சேர்த்துவிடுவார்கள். எழுதாதீர்கள். ஃபைல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சர்வருக்குத் தெரிய ‘பவுண்டரி’ என்ற எல்லைக்குறி வேண்டும். போஸ்ட்மேன் அதை ஒவ்வொரு முறையும் தானே உருவாக்கி அந்த ஹெடரில் சேர்க்கிறது. நீங்கள் எழுதியதில் அது இருக்காது. ஃபைல் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் ‘ஃபைலே இல்லை’ என்று சர்வர் சொல்லும்.

413 என்றால் ஃபைல் பெரிது. 415 என்றால் வகை பிடிக்கவில்லை. 429 என்றால் அடிக்கடி அனுப்புகிறீர்கள், சற்றுப் பொறுங்கள்.

சில ஏபிஐகள் ஃபைலை நேரடியாக வாங்காது. ஒரு தற்காலிக முகவரியைத் தந்து, “அங்கே புட் (PUT) முறையில் அனுப்பு” என்று சொல்லும். அந்த முகவரியிலேயே கையொப்பம் இருப்பதால் அங்கே உங்கள் டோக்கனைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பிழைதான் வரும்.

படி 5: ஏறியதா என்று பாருங்கள்

202 வந்தால் ‘வாங்கிக்கொண்டேன், இனிமேல்தான் வேலை’ என்று அர்த்தம். சில சர்வர்கள் 200 சொல்லிவிட்டும் அப்புறம்தான் ஃபைலைப் பிரிக்கத் தொடங்கும். நிலையைக் கேட்பதற்கென்று முகவரி இருந்தால் சில விநாடிகளுக்கு ஒருமுறை கேளுங்கள். பதிலே வராமல் டைம்அவுட் ஆனால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். முதல் ஃபைல் உள்ளே போயிருக்கலாம்.

முடிந்ததும் குறித்துவைத்த இரண்டையும் ஒப்பிடுங்கள். டேட்டா டேட் பழையதாக இருந்தால் போன வாரத்து ஃபைலை ஏற்றியிருக்கிறீர்கள். டபிள்யூபிஎஸ் (வேலைகளைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் அமைப்பு) தலைப்புகளையும் சேர்த்து எண்ணும் மென்பொருள்கள் உண்டு, அதனால் எண்ணிக்கை கூடினால் பதற வேண்டாம். குறைந்தால் விசாரியுங்கள். தேதிகள் எல்லாமே ஒரு நாள் தள்ளித் தெரிந்தால் நேர மண்டலத்தைச் சந்தேகியுங்கள்.

எல்லாம் சரி என்றால் போஸ்ட்மேனின் கோட் பட்டனை அழுத்துங்கள், இதே வேலைக்கான பைத்தான் நிரல் கிடைக்கும். உங்கள் டோக்கன் அதில் அப்படியே எழுதியிருக்கும். கிட்டில் (Git, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கருவி) போடுவதற்கு முன் அந்த டோக்கனை எடுத்துவிடுங்கள்.