நன்றியை வைத்து யோசிப்பது எப்படி

"எல்லாத்துக்கும் நன்றி" என்று எழுதினால் அதற்குமேல் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. ஒரு தடவைக்கு ஒரே உதவி, கால் மணி நேரம், நோட்டில் ஒரு பக்கம். முதல் வரியில் யார், என்ன, எப்போது மூன்றும் வரட்டும்: "பெரியாஸ்பத்திரியில் ராத்திரி பதினோரு மணிக்கு, பக்கத்துக் கட்டில்காரரின் மகன் என் அப்பாவுக்கு ரத்தம் கொடுத்தான்."

அடுத்து, திருக்குறளின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்திலிருந்து மூன்று கேள்விகள், அடைப்பில் குறள் எண். அவருக்கு நாம் முன்பு ஏதாவது செய்திருந்தோமா (101)? நேரம் தப்பியிருந்தால் அது உதவியாகவே இருந்திருக்குமா (102)? பலன் பார்த்துச் செய்தாரா (103)? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும். தொகையை மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் பக்கம் மொய் நோட்டாகிவிடும். திருப்பிச் செய்ததும் பேரை அடித்துவிடத் தோன்றும்.

முகம் தெரியாதவர் செய்த உதவிதான் சிக்கல். மேலூர்ப் பக்கம் வயலுக்கு வரும் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கால்வாயைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் பேரணை, வைகை அணை, கடைசியில் 1895-இல் திறந்த முல்லைப் பெரியாறு அணை. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்குத் தேனிப் பக்கம் ஜனவரி 15-இல் பொங்கலே வைக்கிறார்கள். அணை கட்டும்போது காய்ச்சலில் செத்த கூலியாட்களில் பலருக்குப் பேர்கூட மிஞ்சவில்லை. அரசாங்கமோ வரி வருமானத்தையும் கணக்குப் போட்டுத்தான் பணம் இறக்கியது. பலன் பார்த்துச் செய்தாரா என்ற 103-ஆம் குறளின் கேள்வியைப் பொறியாளர், கூலியாட்கள், அரசாங்கம் என்று மூன்று தரப்பிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே தண்ணீருக்கு மூன்று பதில் வரும், ஒன்றில் நன்றியே இல்லாமலும் போகலாம். மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து எழுதுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் யோசனை பாதியிலேயே நின்றுவிடும்.

நன்றி யோசனையைக் கெடுக்கவும் செய்யும். செய்ந்நன்றி அறிதலை அடுத்து நடுவு நிலைமை அதிகாரம் வருவதற்கு, குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் சொல்லும் காரணமே இதுதான்: உதவியவரை நினைக்கும்போது நடுவுநிலை சிதையும், அங்கேயும் சிதையக் கூடாது. உதவியவர் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார் என்று வையுங்கள். அவர் பேரை அடித்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் பேரைப் போட்டு அதே கணக்கைப் பாருங்கள். முடிவு மாறினால் கையெழுத்துப் போடச் சொல்வது நன்றிதான். அப்போது ஜாமீனை விட்டுவிட்டு, உங்களால் தாங்க முடிந்த வேறொரு உதவியை அவருக்குச் செய்யுங்கள்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பதை நினைவுபடுத்தி யாராவது வேலை வாங்கினாலும் இதே சோதனைதான். அந்தப் பழமொழி நினைக்கத்தான் சொல்கிறது, சொன்னதையெல்லாம் செய்யச் சொல்லவில்லை.